வீட்டில் உடற்பயிற்சியா தங்கச்சி? அடுக்கு அடுக்காக உடுத்து!

தங்கச்சி, வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வது என்று முடிவெடுத்துவிட்டாயா? ரொம்ப சந்தோஷம். யூடியூப் பார்த்துச் செய்தாலும் சரி, யோகா வகுப்பில் கற்றதை வீட்டில் தொடர்ந்தாலும் சரி, பாய் விரிக்க இடமும் அரை மணி நேரமும் இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உடையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. "வீட்டுக்குள்ளதானே, எதையாவது போட்டுக்கோ" என்று விட்டுவிடுகிறார்கள். அக்கா அப்படி விடமாட்டேன்.

காலையில் நைட்டியோடு எழுந்து, மேலே ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்து எழுகிற பெண்கள் நம் ஊரில் ஏராளம். குந்தும்போது நைட்டியின் ஓரம் குதிகாலில் மாட்டும். ஒரு காலை முன்னால் வைத்து மடக்கினால் துணி முழங்காலை இழுத்துப் பிடிக்கும். குனிந்தால் துப்பட்டா முகத்துக்கு வரும். மூச்சில் இருக்க வேண்டிய கவனமெல்லாம் துணியைச் சரிசெய்வதில் போய்விடும். கொஞ்ச நாளில் "எனக்கு எக்சர்சைஸ் ஒத்துவராது" என்று நிறுத்திவிடுவார்கள். ஒத்துவராமல் போனது அந்த உடை.

அதனால் சொல்கிறேன்: உடற்பயிற்சிக்கென்று தனி உடை எடுத்து வை. அதை அடுக்கடுக்காகப் போடப் பழகு. உடலோடு ஒட்டி ஒன்று, அதற்கு மேல் ஒன்று, தேவைக்குப் போட்டுக் கழற்ற ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த வேலை தெரிந்துவிட்டால் கடையில் யாரும் உன்னை ஏமாற்ற முடியாது.

அடுக்கு எதற்கு? ஊட்டியிலா இருக்கிறோம்?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். காரணம் உடம்புக்குள் இருக்கிறது. உடற்பயிற்சி செய்யும்போது தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம்தான் அசைவாக மாறுகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதனால்தான் ஆரம்பிக்கும்போது இதமாக இருந்த உடை, பத்து நிமிஷத்தில் புழுங்க ஆரம்பிக்கிறது. முடித்துவிட்டுக் கண்ணை மூடிப் படுத்தால் அதே உடை ஈரத்தோடு சில்லென்று ஒட்டுகிறது. அரை மணி நேரத்துக்குள் உடம்பு மூன்று பருவங்களைப் பார்த்துவிடுகிறது. ஒரே துணியால் மூன்றையும் சமாளிக்க முடியாது.

இன்னொரு காரணம் நம் வீடு. பாதிப் பயிற்சியில் காலிங் பெல் அடிக்கும்; கேஸ் சிலிண்டர் வந்திருக்கும். மாமனார் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். குழந்தையைப் பள்ளி வேன் வரைக்கும் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் போய் முழுதாக உடை மாற்ற முடியுமா? சட்டென்று எடுத்து மாட்டிக்கொள்ள ஒரு மேல் அடுக்கு கையெட்டும் தூரத்தில் இருந்தால், போய் வந்து விட்ட இடத்தில் தொடரலாம். கூட்டுக் குடும்பத்தில் இருக்கிற தங்கைகளுக்கு இது பெரிய நிம்மதி.

முதல் அடுக்கு: உள்ளே போடுவது

எதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் மட்டும் பார்க்காதே. மார்பகத்துக்குள் தசை கிடையாது. தோலும் மெல்லிய இணைப்புத் திசுக்களும்தான் அதைத் தாங்குகின்றன. குதிக்கும்போதும் ஓடும்போதும் அது மேலும் கீழுமாக மட்டுமல்ல, பக்கவாட்டிலும் அசையும். சாதாரண பிரா அந்த அசைவுக்காகத் தைக்கப்பட்டதல்ல. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள் சேர்ந்துதான் பெண்களுக்கென்று முதல் ஸ்போர்ட்ஸ் பிராவை உருவாக்கினார்கள். ஓடும்போது வலிக்கிறது என்று ஒரு பெண் வெளிப்படையாகச் சொன்னதில் பிறந்த பொருள் அது. நீயும் வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

வாங்கும்போது இவற்றைப் பார்:

• தாங்கும் வேலையில் பெரும் பங்கு மார்புக்குக் கீழே சுற்றி வரும் பட்டைக்குத்தான், தோள்பட்டைக்கு அல்ல. அந்தப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. கையை மேலே தூக்கினால் பட்டை மேலேறி வந்தால் அது உனக்குப் பெரிது.

• அளவெடுக்கும்போது மூச்சை வெளியே விட்டு, மார்புக்குக் கீழே டேப்பைத் தரைக்கு இணையாகப் பிடி. பிரசவத்துக்குப் பிறகும், எடை கூடிக் குறைந்த பிறகும் புதிதாக அளவெடு. பழைய நம்பரையே சொல்லி வாங்காதே.

• யோகாவுக்கும் நடைக்கும் லேசான பிடிப்பு போதும். ஸ்கிப்பிங், ஜும்பா என்று குதிப்பவர்களுக்கு அழுத்தமான பிடிப்பு வேண்டும். பெரிய மார்பகம் உள்ளவர்கள் இரண்டு பக்கமும் தனித்தனிக் கப் உள்ளதாகவும், பின்னால் கொக்கி உள்ளதாகவும் எடுங்கள். தலைவழியாகப் போடும் இறுக்கமான மாடலை வியர்வையோடு கழற்றுவது பெரும் பாடு.

• டிரயல் ரூமில் வெட்கப்படாமல் ஒரு நிமிஷம் நின்ற இடத்தில் குதித்துப் பார். ஆழமாக மூச்சு இழு. குதிக்கும்போது வலிக்கவும் கூடாது, மூச்சு இழுக்கும்போது பிடிக்கவும் கூடாது.

• கீழ் உள்ளாடை காட்டன் போதும். ஓரத்தில் தடித்த லேஸ் இருந்தால் தொடை இடுக்கில் உரசிப் புண்ணாக்கும். மாதவிடாய் நாட்களில் அடர் நிற பேன்ட்டும் சற்றுப் பிடிப்பான உள்ளாடையும் இருந்தால் பயமில்லாமல் கை காலை நீட்டலாம்.

இரண்டாம் அடுக்கு: உடற்பயிற்சியின் உண்மையான உடை

எனக்குத் திருப்பூர்ப் பக்கம். பனியன் துணியின் ஜாதகம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு தெரியும். அந்த உரிமையில் கொஞ்சம் துணிக்கதை சொல்கிறேன்.

பின்னலாடைத் துணியின் கனத்தை ஜி.எஸ்.எம். என்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்கிற கணக்கு. 140 முதல் 160 வரை இருந்தால் மெல்லிசு. வெயில் ஊருக்கு அது சரி. 180 நடுத்தரம், வடிவம் குலையாமல் நிற்கும். 220, 240 என்று போனால் லூப்நிட் ரகம், குளிருக்கு மேலே போட ஏற்றது. உட்புறம் பஞ்சு மாதிரி உராய்த்துவிட்ட ஃப்ளீஸ் இன்னும் கனம். ஆன்லைனில் வாங்கும்போது பெரும்பாலும் இந்த எண்ணைப் போட்டிருப்பார்கள். நம்மில் பலர் படத்தைப் பார்த்துவிட்டு எண்ணைத் தாண்டிப் போய்விடுகிறோம். இனிமேல் அதைத் தேடிப் படி.

டி ஷர்ட்டாக வருவது பெரும்பாலும் சிங்கிள் ஜெர்சி. லேசானது, காற்றுப் போகும். இன்டர்லாக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பாகவும் சற்றுக் கனமாகவும் இருக்கும். காலர் டி ஷர்ட்டுகளில் வரும் பிக்கே துணியில் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதால் உடம்போடு முழுதாக ஒட்டாது. வியர்வை அதிகம் வருகிறவர்களுக்கு அது நல்லது.

இனி நூல். காட்டனா, பாலியெஸ்டரா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. பருத்திக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம். சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. ஆகவே காட்டன் தோலுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் நனைந்தால் கனத்து ஒட்டும், காய நேரமாகும். வியர்வையை வெளியே கடத்தும்படி தயாரித்த பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் நாற்றத்தைப் பிடித்துக்கொள்ளும். சிலருக்குத் தோல் அரிக்கும். இரண்டிலும் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. என் தீர்ப்பு இது:

• யோகா, நீட்சிப் பயிற்சி, மெதுவான நடை: காட்டன். லேபிளில் 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் என்று இருந்தால் இழுத்த இழுப்புக்கு வரும்.

• ஸ்கிப்பிங், ஜும்பா, படியேற்றம் என்று வியர்த்துக் கொட்டும் பயிற்சி: வியர்வை கடத்தும் பாலியெஸ்டர் அல்லது காட்டன் பாலியெஸ்டர் கலப்பு.

• எல்லா பாலியெஸ்டரும் வியர்வையைக் கடத்தாது. துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார். சட்டென்று பரவினால் நல்ல துணி. முத்து மாதிரி அப்படியே நின்றால் அந்தத் துணி உன்னைப் புழுக்கித்தான் எடுக்கும்.

டி ஷர்ட்டின் நீளம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண் இருக்கட்டும். பக்கவாட்டில் சின்னப் பிளவு இருந்தால் உட்கார எளிது. தொளதொளவென்று எடுக்காதே. தலைகீழாகக் குனியும்போது அது சரிந்து கழுத்துக்கு வரும். ஒட்டினாற்போலும் எடுக்காதே. கிள்ளிப் பிடித்தால் பக்கத்துக்கு இரண்டு விரல் துணி கைக்கு வரவேண்டும்.

கீழே லெக்கிங்ஸ், டிராக் பேன்ட், காட்டன் பைஜாமா எது வேண்டுமானாலும் இருக்கலாம். இடுப்புப் பட்டை அகலமாக, தொப்புளுக்கு மேல் வரை வந்தால் குனியும்போது நழுவாது. கணுக்கால் வரை போதும். பாதத்தில் விழுந்தால் தடுக்கிவிடும். கால்கள் சேரும் இடத்தில் வைர வடிவத்தில் ஒரு தனித்துண்டு வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று திருப்பிப் பார். அந்தத் துண்டு இருந்தால் காலை எவ்வளவு அகட்டினாலும் தையல் விடாது. வெளிர் நிறமும் மெல்லிய துணியும் குந்தும்போது உள்ளாடையைக் காட்டிக்கொடுக்கும். துணியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்கு.

மூன்றாம் அடுக்கு: கழற்றிப் போடுவது

இதற்கு ஒரே ஒரு விதிதான்: முன்பக்கம் திறக்க வேண்டும். ஜிப்போ பட்டனோ எதுவாகவும் இருக்கலாம். தலைவழியாகக் கழற்றும் ஸ்வெட்டர் வியர்வையில் முகத்தில் சிக்கும், கிளிப்பை இழுக்கும், கண்ணாடி போட்டவர்களுக்குத் தொல்லை. முன்பக்கம் திறப்பதென்றால் ஒரே நொடியில் தோளிலிருந்து இறங்கிவிடும்.

இதற்காகப் புதிதாக வாங்கக்கூட வேண்டாம். கணவரின் அல்லது அண்ணனின் பழைய முழுக்கைக் காட்டன் சட்டை ஒன்று போதும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும். பின்பக்கம் மறைக்கும் நீளமும் இருக்கும். கதவைத் திறக்கப் போகும்போது இரண்டு பட்டனைப் போட்டால் போதும், துப்பட்டாவைத் தேடி ஓட வேண்டாம். அதைப் பாய்க்குப் பக்கத்தில் நாற்காலியிலேயே தொங்கவிடு.

எந்த ஊருக்கு எத்தனை அடுக்கு?

சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்று ஈரமாக இருந்தால் அது ஆவியாகாமல் சொட்டும். இங்கே முதல் அடுக்கும், கையில்லாத அல்லது அரைக்கை மெல்லிய டி ஷர்ட்டும் போதும். ஃபேன் நேராக மேலே படும்படி பாயைப் போடு. மேல் சட்டை கதவு திறக்க மட்டும். சித்திரை, வைகாசியில் சூரியன் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடு.

மதுரை, திருச்சி, வேலூர் பக்கம் வெயில் கடுமை. மொட்டை மாடியில் செய்கிறவர்கள் வெளிர் நிற, தளர்வான முழுக்கைச் சட்டையை மேலே போட்டுக்கொள்ளலாம். தோல் கருகாது. அடியில் இருக்கும் துணி எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கோவை, திருப்பூர், ஓசூர் பக்கம் மார்கழி, தை மாதக் காலைகளில் உடம்பு விறைத்திருக்கும். டி ஷர்ட்டுக்கு மேல் லூப்நிட் ஜாக்கெட் ஒன்றைப் போட்டு ஆரம்பி. உடம்பு சூடேறியதும் கழற்று.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் தங்கைகளுக்குத்தான் மூன்று அடுக்கும் முழுதாக வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அங்கே உறைபனி கொட்டுகிறது. இங்கே காட்டன் பனியனை உள்ளே போடாதே. வியர்வையைக் குடித்துக்கொண்டு, பயிற்சி முடிந்ததும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆகிவிடும். உடம்போடு ஒட்டிய மெல்லிய பாலியெஸ்டர் தெர்மல் உள்ளே. அதற்கு மேல் முழுக்கை டி ஷர்ட். அதற்கு மேல் ஜிப் வைத்த ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். கம்பளி ஈரத்தை இழுத்துக்கொண்டாலும் வெதுவெதுப்பை விடாது. ஊட்டியில் திபெத்தியர் நடத்தும் கடைகளில் விதவிதமான ஸ்வெட்டர்கள் கிடைக்கும். அங்கே முன்பக்கம் திறப்பதாகக் கேட்டு வாங்கு. ஒரு கனமான ஸ்வெட்டரைவிட இரண்டு மெல்லிய உடை மேல். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது.

ஏசி அறையில் செய்கிறவர்களும் மேல் அடுக்கை மறக்கக் கூடாது. வியர்த்து நனைந்த உடம்போடு ஏசி காற்றுக்கு நேராகப் படுத்தால் உடம்பு சட்டென்று சில்லிட்டுவிடும்.

எப்போது கழற்றுவது, எப்போது போடுவது?

ஆரம்பிக்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதுதான் அளவாக உடுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். ஐந்து நிமிஷம் கை கால் அசைத்து உடம்பு வெதுவெதுப்பானதும், வியர்வை மேல் அடுக்கை நனைப்பதற்கு முன்பே அதைக் கழற்றிவிடு. நனைந்த பிறகு கழற்றினால் முடிவில் போட்டுக்கொள்ள உலர்ந்த உடை இருக்காது. பயிற்சி முடிந்து நீட்சிகளுக்கு வரும்போதே அதை மறுபடி போடு. சவாசனத்துக்கு முன் கண்டிப்பாகப் போட வேண்டும். அசையாமல் படுத்திருக்கும்போது உடம்பின் சூடு வேகமாக இறங்கும்.

தாலிக்கொடி, ஊக்கு, வளையல்

இதை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். நம் பெண்களின் தாலிச்சரடில் இரண்டு மூன்று ஊக்கு தொங்கும். அவசரத்துக்கு உதவும் என்று மாட்டியது அங்கேயே தங்கிவிடும். அதோடு குப்புறப் படுத்துப் புஜங்காசனம் செய்தால் ஊக்கு திறந்து நெஞ்சில் குத்தும். பயிற்சிக்கு முன் ஊக்குகளை எல்லாம் கழற்றி வை. தாலிக்கொடி நீளமாக இருந்தால் டி ஷர்ட்டுக்கு வெளியே ஆடவிடாதே. குதிக்கும்போது பல்லில் அடிக்கும், எடை தூக்கும்போது கம்பியில் மாட்டும். முதல் அடுக்குக்குள் நன்றாகச் செருகிக்கொள். இதற்காகவே சற்று மேலேறிய கழுத்துள்ள ஸ்போர்ட்ஸ் பிரா எடுப்பது நல்லது.

கண்ணாடி வளையலைக் கழற்றிவிடு. உள்ளங்கையை ஊன்றும் பயிற்சிகளில் உடைந்தால் மணிக்கட்டைக் கிழிக்கும். தொங்கட்டான் வேண்டாம், சின்னத் தோடு போதும். பின்னந்தலையில் பெரிய கிளட்ச் கிளிப் மாட்டிக்கொண்டு மல்லாந்து படுக்க முடியாது. முடியைத் தாழப் பின்னி, துணி சுற்றிய ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்.

காலுக்கு? மொசைக், டைல்ஸ் தரையில் சாக்ஸ் மட்டும் போட்டுக்கொண்டு செய்யவே செய்யாதே, வழுக்கிவிடும். யோகாவுக்கு வெறுங்கால். குதிக்கும் பயிற்சிக்கு வீட்டுக்குள் மட்டும் போடும் ஷூ. மெட்டி விரலை நெரித்தால் ஷூவை முன்பக்கம் அகலமாக எடு.

கடையிலேயே செய்து பார்க்க ஐந்து அசைவுகள்

1. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கு. டி ஷர்ட் வயிற்றைக் காட்டுகிறதா?

2. முழுதாகக் குந்தி எழு. பேன்ட்டின் இடுப்பு பின்னால் இறங்குகிறதா?

3. குனிந்து கால்விரலைத் தொடு. கழுத்து முன்னால் திறந்துகொள்கிறதா?

4. காலை அகலமாக முன்னே வைத்து முழங்காலை மடக்கு. தொடையில் துணி இறுகுகிறதா?

5. கையைக் கட்டிக்கொண்டு இடமும் வலமும் திரும்பு. அக்குளில் தையல் உரசுகிறதா?

ஐந்திலும் தேறினால் வாங்கு. காட்டன் பின்னலாடை முதல் துவைப்பில் சுருங்கக்கூடியது. நீளத்தில் கொஞ்சம் தாராளமாகவே எடு. தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டையாக, துருத்தாமல் இருப்பதைத் தேர்ந்தெடு.

கையில் பணம் குறைவா? முதலில் நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா மட்டும் வாங்கு. மற்றதெல்லாம் அலமாரியில் இருக்கிறது. பழைய சுடிதார் டாப்பைத் தொடை அளவுக்குக் குறைத்து, பக்கப் பிளவை ஏற்றி, கையைச் சின்னதாக்கித் தரச் சொல்லி டெய்லரிடம் கொடு. திருப்பூர் காதர்பேட்டை பக்கம் போகிறவர்கள் ஏற்றுமதியில் மிஞ்சிய டி ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் மலிவாக அள்ளி வரலாம். ஆனால் தையலும் கறையும் பார்த்து எடுக்க வேண்டும்.

துவைப்பதும் காயவைப்பதும்

பயிற்சி முடிந்ததும் அதே ஈர உடையோடு இட்லி ஊற்றப் போகாதே. முதலில் உடையை மாற்று. தொடை இடுக்கிலும் மார்புக்குக் கீழும் ஈரம் தங்கினால் படை வரும். சர்க்கரை உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். படை வந்தால் மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கக் கூடாது. அது அரிப்பை அப்போதைக்கு அடக்கிவிட்டுப் படையைப் பரவவிடும். தோல் மருத்துவரைப் பார்.

கழற்றிய துணியைச் சுருட்டிப் பக்கெட்டில் போட்டு மூடிவைக்காதே. உடனே துவைக்க முடியாவிட்டால் தண்ணீரில் அலசியாவது கொடியில் போடு. உட்புறம் வெளியே வரும்படி திருப்பித் துவை, திருப்பியே காயப்போடு. வியர்வை கடத்தும் துணிக்கும் ஸ்போர்ட்ஸ் பிராவுக்கும் கம்ஃபர்ட் மாதிரி வாசனை திரவம் ஊற்றாதே. அது நூல்மேல் படிந்து துணியின் வேலையைக் கெடுக்கும். எலாஸ்டிக் உள்ளவற்றை வெந்நீரில் போடாதே, முறுக்கிப் பிழியாதே, நிழலில் காயவை. காட்டனை வெயிலில் போடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. அந்த மாதங்களுக்கு இரண்டு செட் கூடுதலாக இருக்கட்டும்.

இவை வேண்டவே வேண்டாம்

வியர்த்தால் கொழுப்பு கரையும் என்று சொல்லி பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் உடையும் வயிற்றுப் பட்டையும் விற்கிறார்கள். குறைவது உடம்பின் தண்ணீர்தான். ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். நம் ஊர் வெயிலில் அதைப் போட்டால் தலைசுற்றி விழ வேண்டியதுதான். மூச்சை அடைக்கும் இறுக்கமான இடுப்புக் கச்சையும் பயிற்சியின்போது வேண்டாம்.

உடம்பின் பருவத்துக்கேற்ப

கர்ப்பமாக இருக்கிற தங்கை மருத்துவரைக் கேட்டே பயிற்சி செய். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே அமரும் பேன்ட் எடு. சிசேரியன் ஆனவர்களுக்குப் பட்டை தழும்பின் மேல் அழுத்தக் கூடாது. அதற்கு மேலேறி நிற்கும் உயரமான இடுப்பு எடுங்கள். பால் கொடுப்பவர்கள் கொடுத்துவிட்டு ஆரம்பித்தால் மார்பு கனக்காது. முடிந்ததும் இறுக்கமான பிராவை உடனே கழற்றிவிட வேண்டும். மாதவிடாய் நிற்கிற வயதில் திடீரென்று உடம்பு தகிக்கும், அடுத்த நிமிஷம் வியர்த்துக் குளிரும். அந்த அக்காக்களுக்கு முன்பக்கம் திறக்கும் மேல் அடுக்கு ஒரு வரம்.

தங்கச்சி, குடும்பத்தில் எல்லோருக்கும் யூனிஃபார்ம் இஸ்திரி போட்டு வைக்கிறாய். உனக்கென்று ஒரு செட் எடுத்து வைக்க யோசிக்காதே. இன்றைக்கு ராத்திரி படுக்கப் போகும் முன் மூன்று அடுக்கையும் மடித்துத் தலைமாட்டில் வை. காலையில் எழுந்ததும் முதலில் அதைப் போட்டுக்கொள். அரை மணி நேரம் உனக்கே உனக்கு. யார் என்ன சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்காதே.